பதினாலாம் நம்பர்

ஜனவரி 6, திங்கள்

பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். ரிசல்ட் விஷயமாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனால், "வசுமதி மேடம், உங்களுக்கு ஃபுட்பால் தெரியுமா?" என்கிறார். சுத்தமாகத் தெரியாது என்றேன். "அப்ப நீங்கதான் சரி" என்று சிரிக்கிறார் மனுஷன்.

விஷயம் இதுதான். மாவட்டத்து மகளிர் கல்லூரிகளுக்குள் வருஷாவருஷம் கால்பந்து லீக் நடக்கிறது. சீசன் முடிந்ததும் எல்லா டீமிலிருந்தும் சிறந்த பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து மரியாதை செய்வார்கள். அதில் ஒருத்திக்குச் 'சீசனின் சிறந்த வீராங்கனை' ஷீல்டு. விழா அன்றைக்கு அந்தப் பதினோரு பேரும் ஒரே டீமாகச் சேர்ந்து சாம்பியன் கல்லூரியோடு ஒரு மேட்ச் ஆட வேண்டும், அது வழக்கம். தேர்வுக் குழுவில் ஒரு பெண்மணியாவது இருக்க வேண்டும் என்று இந்த வருஷம் யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். எங்கள் கல்லூரிக்கு டீமே கிடையாது, ஆகவே நான் நடுநிலை. விலங்கியல் வாத்தியாருக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். சனிக்கிழமைகளில் ஓ.டி. உண்டு, கல்லூரிக்கு வர வேண்டாம் என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 11, சனி

முதல் மேட்ச். குழுத் தலைவர் கோதண்டபாணி சார், ரிட்டயர்ட் பிசிகல் டைரக்டர், காலையிலேயே போனில் பாடம் எடுத்துவிட்டார். ஒவ்வொரு வாரமும் ஆளுக்கொரு மைதானம். வாரநாள் மேட்ச்களைக் குழுவில் மற்ற மூவரும் பார்த்துக்கொள்வார்கள், எனக்குச் சனி மட்டும். நம்பரைப் பார்த்து மார்க் போட வேண்டும், பேரைக் கேட்கவே கூடாது. "பேரைக் கேட்டா ஊர் வரும், ஜாதி வரும், தெரிஞ்ச பொண்ணான்னு வரும். சட்டையில இருக்கற நம்பர் மட்டும்தாம்மா நமக்கு." நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்தேன்.

சிமெண்ட் படியில் குடையும் நானும். மருதம் மகளிர் கல்லூரி டீமுக்குப் பச்சைச் சட்டை, வெள்ளை ஷார்ட்ஸ். பதினாலாம் நம்பருக்கு மட்டும் கறுப்பு ஷார்ட்ஸ். பின்னலைத் தூக்கிக் கட்டிய உயரமான பெண். அவள்தான் இரண்டு கோலும் போட்டாள். அடேயப்பா, என்ன வேகம்! பத்துக்கு ஒன்பது கொடுத்தேன்.

ஓரத்தில் நீல டிராக்சூட் போட்ட ஒருத்தி மேட்ச் முழுக்க இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். சப்ஸ்டிட்யூட்டாம், உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறாளாம். கடைசிவரை அவளை உள்ளே விடவில்லை. முடிந்ததும் காலி பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

ஜனவரி 12, ஞாயிறு

இடுப்பு வலி. இட்லிக்கு அரைத்து வைத்தேன்.

ஜனவரி 18, சனி

வேறு இரண்டு கல்லூரிகள். உப்புச் சப்பில்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தொலைத்தேன். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலையும் டம்ளர்களையும் நிறுத்தி விளக்கினார். எல்லாம் தப்பு என்று பிறகு குழுவில் இருக்கும் நசீர் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏதோ பொறுப்பு கொடுத்திருக்கிறார்களே என்றுதான் கேட்டேன். மற்றபடி எனக்கென்ன வந்தது.

ஜனவரி 25, சனி

மறுபடி மருதம் கல்லூரி. கறுப்பு ஷார்ட்ஸ், பதினாலு. ஆனால் இன்றைக்கு அவள் குட்டையாக, குண்டாக, கோலுக்கு முன்னால் மதில் மாதிரி நின்று தடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியையும் தாண்ட விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே பதினாலு. ஒன்பது மார்க் போட்டுவிட்டு, நமக்குத்தான் கண் அவுட் என்று எழுந்து வந்தேன்.

டிராக்சூட் பெண் இன்றும் ஓடினாள். இன்றும் விடவில்லை. இந்தக் கோச்சுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா?

ஜனவரி 27, திங்கள்

கண் டாக்டரிடம் போனேன். பவர் மாறவே இல்லையாம். "எதுக்கு மேடம் வந்தீங்க?" என்று கேட்டார். ஒரு பெண் ஒரு வாரம் உயரமாகவும் ஒரு வாரம் குட்டையாகவும் தெரிகிறாள் என்று சொல்லவா முடியும்? தலைவலி என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

சீசன் பாதி. குழு கூடியது. கோதண்டபாணி சார், நசீர் சார், ஃபிலிப் சார், நான். மூன்று பேரும் வந்ததிலிருந்து பதினாலு புராணம்தான்.

"ரைட் விங்ல அப்படி ஓடறா சார்" என்றார் ஃபிலிப்.

"விங்கா? நான் பார்த்தப்ப நடுவுல ஆடினா. பந்து அவ கால்ல ஒட்டிக்கிட்டே இருந்துச்சு" என்றார் நசீர்.

"எங்க போட்டாலும் ஆடறா. ஆல்ரவுண்டர்யா!" தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் மெதுவாக, "ஆள் எப்படி இருப்பா? உயரமா, குட்டையா?" என்று கேட்டேன்.

நடுத்தரம், பாப் கட் என்றார் ஃபிலிப். ஒல்லி, இரட்டைப் பின்னல் என்றார் நசீர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. "பொண்ணுங்க தலைய ஒருநாள் ஒருமாதிரி போட்டுக்குவாங்கம்மா. அதுக்குத்தான் நம்பரை மட்டும் பாருங்கன்னு சொல்றது" என்று தலைவர் முடித்துவிட்டார். போண்டா வந்தது. எல்லாரும் அதில் இறங்கிவிட்டார்கள்.

தலைமுடி சரி. உயரத்தையுமா பின்னிக்கொள்வாள்?

பிப்ரவரி 2, ஞாயிறு

யார் இந்தப் பதினாலு? துணி மடிக்கும்போதும் இதே யோசனை.

பிப்ரவரி 8, சனி

இன்றைக்கு எனக்கு மைதானம் ஒதுக்கவில்லை. வீட்டுக்காரரின் அக்கா மகளுக்கு வளைகாப்பு. தலை வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, மருதம் கல்லூரி மேட்ச்சுக்குப் பஸ் ஏறினேன். சும்மா காற்று வாங்கத்தான்.

பதினாலு இன்றைக்குப் பாப் கட். டிராக்சூட் பெண் ஓரத்தில் ஓட்டம். இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு ஒரு மோர் பாக்கெட் கொடுத்தேன். பேர் யாழரசி. ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பா இல்லை, அம்மா இறால் பண்ணையில் வேலை. மூன்றாம் வருஷம், இதோடு படிப்பு முடிகிறது.

"எத்தனை மேட்ச் ஆடியிருக்கே?"

தலையைக் குனிந்துகொண்டாள். "மொத ரெண்டு வருஷம் டீம்லயே எடுக்கல மேடம். இந்த வருஷம் எடுத்தாங்க. இன்னும் இறங்கல. அம்மாகிட்ட மட்டும் ஆடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். மூணு வருஷமாவே."

"உன் நம்பர் என்னம்மா?"

மோரை விழுங்கினாள். "பதினாலு."

"என்னடி சொல்றே? பதினாலு அங்க ஓடிக்கிட்டிருக்காளே!"

"நான் போகணும் மேடம்" என்று ஒரே ஓட்டமாகப் போய்விட்டாள். டிராக்சூட்டைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டியிருந்தாள். கொளுத்துகிற வெயிலில் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே போட்டுக்கொள்ள ஜெர்சியே அவளிடம் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வெளி ஆட்களைக் கொண்டுவந்து ஆடவைக்கிறார்களா? அப்படியென்றால் மோசடி, டீமையே தூக்கிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் சட்டையைப் பிடுங்கி யார் யாருக்கோ கொடுக்கிறார்கள் என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. வரட்டும் சனிக்கிழமை.

காஸ் சிலிண்டர் வந்தது. தேர்வுத் தாள் கட்டு அப்படியே கிடக்கிறது.

பிப்ரவரி 15, சனி

மேட்ச்சுக்கு முன்னாலேயே போய், மைதானத்துக்குப் பின்னால் பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவைத் தட்டாமல் தள்ளினேன். கையும் களவுமாகப் பிடிக்கிற உத்தேசம்.

அந்த உயரமான பெண், பெனிட்டா, அவள்தான் கேப்டன், ஒரு மூலையில் கறுப்பு ஷார்ட்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். யாழரசி ஒரு துண்டை விரித்து மறைத்துப் பிடித்திருந்தாள். பெஞ்சில் ஒரு நாப்கின் பாக்கெட் பிரிந்து கிடந்தது.

அவ்வளவுதான். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விலங்கியல் பாடம் நடத்துகிறவள், நாற்பத்தாறு வயசு, எனக்கு இது புரிய ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"வெள்ளை ஷார்ட்ஸ் மேடம்" என்றாள் பெனிட்டா. "அந்த நாள்ல அதப் போட்டுக்கிட்டு ஆடவே முடியாது. மனசு பூரா பின்னாடிதான் இருக்கும். கடைக்காரங்க ஒரு செட்டுக்கு வெள்ளை இல்லைன்னு கறுப்பு அனுப்பிட்டாங்க. அது பதினாலு. யாருக்கு வருதோ அவங்க அன்னிக்குப் பதினாலு."

"ஷார்ட்ஸை மட்டும் மாத்திக்க வேண்டியதுதானே?"

"ஷார்ட்ஸ்லயும் நம்பர் அடிச்சிருக்கு மேடம். சட்டையும் அதுவும் ஒண்ணா இல்லன்னா ரெஃப்ரி விடமாட்டார்."

"சரி, நீ இவ சட்டையப் போட்டுக்கிட்டா உன் சட்டை சும்மாதானே இருக்கு? இவ அதப் போட்டுக்கிட்டு இறங்கலாமே?"

"ஆரம்பத்துல தலைய மட்டும்தான் எண்ணுவாங்க. நடுவுல ஆள் மாத்தினா ஐடி கார்டைப் பார்ப்பாங்க. மாட்டிக்குவோம்."

ஒருத்திக்கும் இல்லாத சனிக்கிழமை ஒன்றே ஒன்று வந்ததாம். அன்றைக்கு யாழரசி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாளாம். மழை கொட்டி, பாதியில் நிறுத்திவிட்டார்களாம்.

கோச்சிடம் கேட்டீர்களா என்றேன். கலர் மாற்றிக் கொடுங்கள் சார் என்று கேட்டிருக்கிறார்கள். எதற்கு என்றாராம். ஒன்றுமில்லை சார் என்று திரும்பி வந்துவிட்டார்களாம். அவருக்கும் தெரியாமல் இருக்காது. பெண்கள் விஷயம் என்று கண்டும் காணாமலும் இருக்கிறார்.

யாழரசியைப் பார்த்து, "உன்னை யாருடி இப்படிச் செய்யச் சொன்னா?" என்று கத்தினேன். எதற்கு அவள்மேல் கத்தினேன் என்று தெரியவில்லை.

"யாரும் சொல்லல மேடம். மொத மேட்ச் அன்னிக்கு பெனிட்டாவுக்கு வந்துடுச்சு, அழுதுகிட்டிருந்தா. என்கிட்ட கறுப்பு இருந்துச்சு, கழட்டிக் குடுத்தேன். அடுத்த வாரம் இன்னொருத்தி கேட்டா. எப்படி இல்லைங்கறது?"

பெனிட்டா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "கிரிக்கெட்லயும் வெள்ளைதானே போடறாங்க?" என்றார். அதற்குப் பிறகு அவரே போய் இருவருக்கும் காபி கலந்து கொண்டுவந்தார்.

பிப்ரவரி 19, புதன்

லீக் முடிந்து கூட்டிப் பார்த்தால் பதினாலாம் நம்பருக்குத்தான் எல்லாரையும்விட அதிக மார்க். சேதி எப்படியோ கசிந்துவிட்டது. மத்தியானம் யாழரசி போன் செய்தாள்.

"மேடம், ஷீல்டு எனக்குன்னு சொல்றாங்க. வேண்டாம் மேடம். ஆடாம வாங்கின ஷீல்டை அம்மா கையில எப்படிக் குடுக்கறது? நீங்களே சொல்லி நிறுத்திடுங்க."

சொன்னால் உங்கள் டீமுக்கு ஆபத்தில்லையா என்றேன். பெனிட்டாவைக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறாளாம். லீக்கில் வாங்கிய இரண்டாமிடம் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டாளாம் அவள்.

"அது இருக்கட்டும். அந்த விழா மேட்ச்ல ஆடணும்னு உனக்கு ஆசை இருக்கா இல்லையா? அதைச் சொல்லு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இருக்கு மேடம். ஆனா நான் போய் நின்னா சிரிப்பாங்க."

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவளுக்கு வேறு வாய்ப்பு ஏது? ஏப்ரலோடு கல்லூரி முடிகிறது.

பிப்ரவரி 22, சனி

தலைவர் ஷீல்டுக்குப் பதினாலு என்று வாசித்ததும் கையைத் தூக்கினேன். ஆயிரம் தடவை வகுப்பில் இனப்பெருக்க மண்டலம் நடத்தியவள்தான், ஆனாலும் மூன்று ஆம்பிளைகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "சார், பதினாலுன்னு ஒரு பொண்ணு கிடையாது. யாருக்கு மாதவிடாயோ அவங்க போட்டுக்கற சட்டை அது" என்றேன். முழுக்கச் சொன்னேன்.

ஃபிலிப் சார் தன் செருப்பைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"அப்ப... அந்த நாள்லயா அப்படி ஆடினாங்க?" என்று நசீர் சார் ஒருவர்தான் கேட்டார்.

"ஆமா சார். நாம பார்த்த ஒவ்வொரு பதினாலும்."

தலைவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நம்பர் மாற்றி ஆடியது குற்றம், புள்ளியைக் குறைக்க வேண்டும், பதினாலைப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும் என்றார்.

"நீக்குங்க சார். தாராளமா நீக்குங்க. ஆனா காரணத்தை மினிட்ஸ்ல முழுசா எழுதுங்க. நானே முதல் கையெழுத்துப் போடறேன். பிரின்சிபால்களுக்கெல்லாம் காப்பி போகட்டும்."

"இதை... எப்படிம்மா எழுதறது?"

"நான் சொன்னேனே, அப்படியே."

பேனாவைத் திறந்தார். மூடினார். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையைக் காகிதத்தில் எழுத மூன்று பேருக்கும் கை வரவில்லை. அதே பயம்தானே அந்தப் பெண்களைக் கோச் முன்னால் 'ஒன்றுமில்லை சார்' என்று சொல்ல வைத்தது. இன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியதும் அதுவே. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கடைசியில் புள்ளிக் குறைப்பு கிடையாது. ஷீல்டு அடுத்தபடியாக அதிக மார்க் வாங்கிய சாம்பியன் கல்லூரி கோல்கீப்பருக்கு. பதினோரு பேர் பட்டியலில் பதினாலு இருக்கும். ரைட் விங், பெயர் யாழரசி. ஆடாதவளை எப்படிச் சேர்ப்பது என்று ஃபிலிப் சார் முனகினார். அதையும் எழுதிக்கொள்ளலாமே என்றேன். அதோடு சரி.

கிளம்பும்போது நசீர் சார், "எனக்கு மூணு பொண்ணுங்க மேடம்" என்றார். அப்புறம் தலைவரிடம், "அடுத்த வருஷத்துலேர்ந்து யாருக்கும் வெள்ளை ஷார்ட்ஸ் கூடாதுன்னு ரூல் போடுங்க. காரணம், அழுக்குத் தெரியுதுன்னு எழுதுங்க" என்றார். தலைவர் விழுந்தடித்துக்கொண்டு எழுதினார்.

பிப்ரவரி 28, வெள்ளி

யாழரசியின் அம்மா நாளை வருகிறாளாம். எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கொசு.

மார்ச் 1, சனி

மாலை போட்டு, சால்வை போர்த்தி, பதினோரு பேர் பெயரையும் மைக்கில் வாசித்தார்கள். யாழரசி பெயருக்குப் பெனிட்டா விட்ட விசில் மேடைவரை கேட்டது. அப்புறம் மேட்ச். குழு கொடுத்த புது ஜெர்சி, எல்லாருக்கும் கருநீல ஷார்ட்ஸ். துணி எடுக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கியிருந்தேன்.

நான் மேடையில் உட்காராமல் படிக்கட்டுக்குப் போனேன். யாழரசியின் அம்மா காந்திமதியம்மா ஒரு குடையும் ஒயர் கூடையுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். யாழரசிக்கு வந்த முதல் பந்தே அவள் காலுக்கடியில் புகுந்து வெளியே போயிற்று. படிக்கட்டில் சிரிப்பு. ஃபிலிப் சார் மேடையிலிருந்து என்னைத் தேடிப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். இரண்டாவது பந்து ஒழுங்காகப் போனது. மூன்றாவதைப் பறிகொடுத்தாள்.

"பதட்டத்துல ஆடறா. மத்த நாளெல்லாம் பிரமாதமா ஆடுவா" என்று அளந்துவிட்டேன்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சரம்மா, எம்பொண்ணு இன்னிக்குத்தானே மொத மொதல்ல ஆடறா?"

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அவ சொல்லல. சனிக்கிழமையானா அந்தப் பதினாலாம் நம்பர் துணியத் தொவைக்கக் கொண்டாருவா. கறுப்புல என்ன தெரியும், ஆனா தண்ணியில போட்டா செவந்து வரும். இந்த வாரமும் வரும், அடுத்த வாரமும் வரும். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஒரு பொண்ணுக்கு வாராவாரம் வருமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்னு துடிச்சேன். அப்பறம் அவ கையக் காலப் பார்த்தேன். ஆடற புள்ளைக்கு முட்டியில ஒரு சிராய்ப்பு இருக்காதா? ஒண்ணுமே இல்ல. இது நம்மது இல்ல, கூட ஆடற புள்ளைங்களுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. உப்புப் போட்டு அலசிக் குடுத்து அனுப்புவேன்."

"நீங்க அவகிட்ட கேக்கவே இல்லையா?"

"என்னத்தக் கேக்கறது? அம்மா, நான் நல்லா ஆடறேம்மான்னு சொல்றப்ப அவ மூஞ்சியப் பார்த்திருந்தா நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்னு நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.

கீழே பந்து ஓரக் கோட்டுப் பக்கம் உருண்டது. யாழரசி துரத்தினாள். கூடவே சாம்பியன் டீம் பெண் ஒருத்தி. இருவரும் மோதிக்கொண்டார்கள். யாழரசி தடாலென்று விழுந்து மண்ணில் தேய்த்துக்கொண்டு போனாள். படிக்கட்டு முழுக்க 'ஐயோ' என்றது. எழுந்தாள், குனிந்து பார்த்தாள். வலது முட்டி உரிந்து ரத்தம் இறங்கியது. கையால் துடைத்து ஷார்ட்ஸில் தேய்த்துவிட்டு மறுபடியும் ஓடினாள்.

காந்திமதியம்மா எழுந்து நின்று கை தட்டினாள். பெற்ற பெண் விழுந்ததற்குக் கை தட்டுகிறாளே என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை, கன்னமெல்லாம் கண்ணீரோடு தட்டிக்கொண்டே இருந்தாள். நானும் எழுந்து தட்டினேன்.